லெவல் சாரின் சட்டைப் பை

திண்டிவனத்தில் லெவல் சாரின் பரீட்சைக்குத் தப்பியவர் ஒருவரும் கிடையாது. பாதிப் பேருக்குத் தாங்கள் பரீட்சை எழுதியதே தெரியாது.

தொழிற்பயிற்சி மையத்தில் அவர் வயரிங் பயிற்றுநர். நான் கணினிப் பிரிவு, தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எந்தத் தொழிலுக்கும் படிநிலை வகுக்கும் தேசியத் தகுதிக் கட்டமைப்பு என்று ஒன்று உண்டு. சுருக்கமாக, பழகிய வேலையைப் பிசகாமல் செய்தால் மூன்றாம் லெவல். எதிர்பாராத கோளாறையும் தானே சமாளித்தால் நான்கு. எங்களுக்கு அது பாடத்திட்டம். அவருக்கு அரிப்பு. எது ஒழுங்காக ஓடினாலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

கூட்டேரிப்பட்டு டீக்கடையில் வடிகட்டியை ஒளித்தார். மாஸ்டர் டீ வடிக்கத் தன் தோளில் கிடந்த துண்டை உருவியதும், "வேணாம்யா, நாலு போட்டுட்டேன்!" என்று இவர் அலறி, வடிகட்டியைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் புளியை ஒளித்தார். மனைவி தக்காளியிலேயே ரசம் வைத்து, எல்லோருக்கும் ஊற்றி, இவருக்கு மட்டும் ஊற்றவில்லை. "அஞ்சாம் லெவலும்மா அவ" என்று மறுநாள் என்னிடம் பெருமைப்பட்டார், பசியோடு.

வகுப்பில் அவருடைய ஆயுதம் பியூஸ் கட்டை. நைசாக வெளியே போய், மெயினை இறக்கி, கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவார். "கரன்ட் பூட்ச்சி. இன்னா பண்ணுவ?" கட்டடம் முழுவதற்கும் மெயின் ஒன்றுதான். என் கணினிகளும் கூடவே செத்துக் கிடக்கும்.

அப்புறம் ஓர் உத்தரவு வந்தது. பயிற்றுநர்களும் மதிப்பீட்டில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவருக்கு அடுத்த வகுப்பு இல்லை. லெவல் சார் பாடம் நடத்துவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார்.

"சார், இன்னைக்கு ஒரு நாள் கையக் கட்டிக்கினு இருங்க" என்று கெஞ்சினேன்.

"சத்தியமா தொடமாட்டேம்மா. ஆனா எல்லாம் ஸ்மூத்தா போனா பேஜாரா இருக்குமே."

நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பாடம் அருமையாகப் போனது. அதுதான் அவரை வதைத்தது. ஜன்னலைப் பார்த்தார், காலை மாற்றி மாற்றி நின்றார், தண்ணீர் குடிக்க வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் மின்விசிறி நின்றது.

கோட்டக்குப்பத்திலிருந்து வரும் ரிஹானா வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் மெயின் போர்டு பக்கமே போகவில்லை. நேராக அவரிடம் வந்து கையை நீட்டினாள்.

"கட்டையக் குடுங்க சார்."

"நான் எடுக்கல!"

"ஜல்தி குடுங்க சார், ஆபீசர் பாத்துக்கினு இருக்காரு."

நானும் அவர் பையைத்தான் பார்த்தேன். அதைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு பேனா, கொறிக்கக் கொஞ்சம் மல்லாட்டைக் கடலை.

மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்தினார். "கோளாறுன்னா சார் பாக்கெட்டுன்னு பழக்கி வச்சிருக்கீங்க. அப்ப இது மூணாம் லெவல்தானே?"

லெவல் சார், தான் உண்டாக்காத கோளாறை வகுப்பில் அன்றுதான் பார்க்கிறார். நின்ற இடத்திலேயே நின்றார். ரிஹானா நாக்கைக் கடித்துக்கொண்டு டெஸ்டரோடு ஓடினாள். மெயினை இறக்கிக் கட்டையைப் பிடுங்கினாள், அதில் கம்பி எரிந்திருந்தது. "ஏன் எரிஞ்சுதுன்னு தெரியாம வேற கட்டமாட்டேன்" என்று அறை அறையாகத் தேடினாள். மதிப்பீட்டாளருக்குக் காபி போட வைத்த மின் கெட்டில் கருகிக் கிடந்தது. அதை விலக்கி, புதுக் கம்பி கட்டி, மெயினை ஏற்றினாள். விசிறி சுற்றியது.

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"இவருதான் சார். தெனம் புடுங்கிப் புடுங்கி."

மதிப்பீட்டாளர் சிரித்துவிட்டு, 'தேர்ச்சி' என்று எழுதினார். வெளியே வந்த லெவல் சார் மட்டும் சமாதானமாகவில்லை. "மரமாட்டம் நின்னுட்டேம்மா. நான் ரெண்டாம் லெவல்கூட இல்ல."

இப்போது எனக்கு விழுப்புரத்திலேயே வேலை. அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. என்றைக்காவது விசிறி நின்றால், மற்றவர்கள் ஜெனரேட்டர் ஆளைக் கூப்பிடுகிறார்கள். நான் வாசலைப் பார்க்கிறேன், சட்டைப் பை புடைத்த ஒருவர் வந்து நிற்கிறாரா என்று.