கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாக்கெடுப்பு

பாண்டுரங்கனின் ஸ்பீக்கர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், நடந்த வரிசையிலேயே: முதலில், இடது ஸ்பீக்கரின் தலையில் மணிபிளான்ட் ஏறியது. அடுத்து, வலதின் மேல் ஈரத்துண்டு காய்ந்தது. மூன்றாவதாக, ஆம்ப்ளிஃபயரின் வெதுவெதுப்பில் தயிர் உறைய வைக்கப்பட்டது. தயிர் நன்றாகவே உறைந்தது என்பது வேறு விஷயம். நான்காவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தையல் மெஷினுக்கு இடம் வேண்டுமாம். எல்லாம் காயலான் கடைக்குப் போக வேண்டுமாம்.

"ஊமையாத்தானே கீது? எதுக்குய்யா இம்மாம் பெரிய பொட்டிங்க?" என்றாள் மனைவி முத்தம்மா.

தொழிற்சங்கத்தில் தலை நரைத்தவர் அடங்குவாரா? போனில் வரும் துல்லியமான பாட்டைப் பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்பும் குட்டிப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். மந்தைவெளி மாலைக் காற்றில் புல்லாங்குழல் மிதந்தது. கடலே மாடிப்படி ஏறிவந்து ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எப்டி கீது?"

"என் கையளவு ப்ளூடூத் ஸ்பீக்கர்லயும் இதே பாட்டுதான்யா வருது."

"அப்போ வாக்கெடுப்பு!"

எதிர்வீட்டு டில்லிபாபுவும் அவர் மனைவி அன்புக்கரசியும் வந்தார்கள். கண்ணை மூடி, ஒரே பாட்டை இரண்டிலும் கேட்க வேண்டும். பிடித்தது எது என்று சீட்டில் பெயரோடு எழுத வேண்டும்.

"எங்க சங்கத்துல எல்லாம் ஏகமனதுதான். எதிரா ஒரு ஓட்டு விழுந்தாலும் நானே காயலான் கடைக்குத் தள்ளிக்கினு போறேன்!" என்றார் பாண்டுரங்கன்.

போனை இயக்குவதால் முத்தம்மா நிர்வாகத் தரப்பு. அவளுக்கு ஓட்டில்லை. சத்தம் வரும் திசையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி தன் ஸ்பீக்கரைப் பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் மேல் வைத்தாள். கணவரின் காதருகே குனிந்தாள்.

"மொதல்ல உன்னோடதுதான்யா."

பாண்டுரங்கன் உள்ளுக்குள் சிரித்தார். நிர்வாகம் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டே வாழ்ந்தவரிடமா இந்த வேலை? அப்படியென்றால் இரண்டாவதுதான் தன்னுடையது.

முதல் பாட்டு காதில் தகரமாக உரசியது. இரண்டாவது தொடங்கியதும் நாற்காலி மெல்ல மிதந்தது. மூங்கிலுக்குள் மூச்சு நுழைவதுகூடக் கேட்டது. மேகம் ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்கு மேலே போனது. கண்ணீரோடு எழுதினார்: இரண்டாவது.

டில்லிபாபு சீட்டுகளைப் பிரித்தார். "அன்புக்கரசி, மொதல்ல வந்தது. டில்லிபாபு, மொதல்ல வந்தது."

"மொதல்ல பாடுனது அவரு ஆம்ப்ளிஃபயர்தான்," என்றாள் முத்தம்மா.

பாண்டுரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்போ காதுல நிஜமாவா சொன்ன?"

"நான் சொன்னத நீ என்னிக்குய்யா நம்பிக்கீறே?"

"டில்லி, அந்தக் கடைசிச் சீட்டு செல்லாது! இப்படிக் குடு!"

டில்லிபாபு தொண்டையைச் செருமிக்கொண்டு சபை முன் படித்தார்:

"எதிர்த்து ஒரு ஓட்டு. பாண்டுரங்கன்."