ஆஸ்டின் காரின் தோலுறை

கட்டிலுக்கடியில் பூனை மக்பூலின் டிரைவர் வேலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

அதன் வாயில் இருந்தது, முதலாளி மீரான் சாயபுவின் பழைய ஆஸ்டின் காருக்கான புத்தகம் வைக்கும், பித்தளை பட்டன் போட்ட தோலுறை. காரோடு சீமையிலிருந்து வந்தது. புத்தகத்தை சாயபு ஒருநாளும் படித்ததில்லை. உறையை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கையில் வாங்கி, மூக்கருகே வைத்து மோந்து, "தோல்னா தோல்தான்டா!" என்பார். கேட்காமல் தோலுக்குப் பதில் ரெக்சின் சீட் போட்டுவிட்டான் என்று பழைய டிரைவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

ஊரை ஒட்டிய உப்பேரிக் காற்றுக்குத் தோல் பூசணம் பூத்துவிடும். வாரம் ஒருமுறை உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காயெண்ணெய் தடவுவது மக்பூலின் பொறுப்பு. இந்த வாரம் பாட்டில் மாறிவிட்டது. தடவியது மச்சினன் படகுக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெய். பூனை மேல் தப்புச் சொல்ல முடியாது.

மனைவி ஜொஹராவிடம் சொல்லலாமா? சாயபுவுக்குப் பயப்பட ஒரு காரணம் இருந்தது. ஜொஹராவுக்குப் பயப்படக் காரணமே தேவையில்லை. அதிலும், "கண்ணக் கட்டிவுட்டாலும் தோல் எது, ரெக்சின் எதுன்னு மோந்தே சொல்லிடுவேன்" என்று அவளிடம் தினமும் பீற்றிக்கொண்ட வாய் இது. மூச்சு விடாமல் பொன்னேரிக்குப் பஸ் ஏறினான்.

அங்கே கார் சீட் தைக்கும் கங்காதரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரெக்சின்ல ஒரு உறை வேணும்ணே. பார்த்தா அச்சு அசல் தோல் மாரியே இருக்கணும்."

"ஆஸ்டின் வண்டிக்குத்தானே? தெச்சிடலாம்."

"அளவு இன்னான்னு கேக்கலியே?"

"அதெல்லாம் எங்கிட்ட கீதுப்பா."

பயத்தில் இருந்தவனுக்கு எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. வியாழக்கிழமை உறையை வாங்கி வந்து, மடித்த லுங்கிக்குள் ஒளித்து வைத்தான்.

"இன்னாங்க, மூணு நாளா சோறு எறங்கல?" என்றாள் ஜொஹரா.

"வயிறு சரியில்ல."

"வூடு பூரா சுறா நாத்தம்."

"ஏரிக்கரையில பின்ன மல்லிப்பூவா மணக்கும்?"

"கட்டிலுக்கடில பூனை இன்னாத்தையோ கடிச்சுப் போட்டிருக்குது."

"எலியா இருக்கும்!"

"எலி பித்தளை பட்டனா போட்டிருக்கும்?"

மக்பூலுக்கு அவசரமாக இருமல் வந்தது. இருமிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து லுங்கியைப் பிரித்து, உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான். காரில் உறையைச் சரியாகப் பார்க்காமலே புத்தகத்தை அதற்குள் திணித்தான். ஜும்ஆ முடிந்து சாயபு வந்தார். உறையை வாங்கினார். மோந்தார். மறுபடியும் மோந்தார். மக்பூல் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிவிட்டான். வேலை போனால் வலை இழுக்கத்தான் போகவேண்டும். அவனுக்கோ நீந்தவும் தெரியாது.

"டேய் மக்பூல்."

"மொ... மொதலாளி?"

"ஒரு வருஷமா இந்த வாசனையே வரலியேடா. இன்னிக்குத்தான் வருது. தோல்னா தோல்தான்டா!"

மக்பூலுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தவனுக்கு வாய் நிற்கவில்லை. பாட்டில், பூனை, பொன்னேரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"ரெக்சினு, ஜொஹரா! வெறும் ரெக்சினு! மோந்துட்டு மயங்கிட்டாரு! என் மூளை எப்படி?"

ஜொஹரா அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். பளபளவென்று புதுசு. உள்ளே ரேஷன் கார்டு இருந்தது.

"பொன்னேரியில நீங்க தெச்சது இது. கார்டுக்கு அளவாக் கீது."

"அப்ப... சாயபு மோந்தது?"

"நெசத்தோலு. உங்க கையில வுட்டா உருப்படாதுன்னு போன வருஷமே எடுத்து என் பொட்டியில வெச்சுட்டேன். அந்தக் கங்காதரன்கிட்டயே ரெக்சின்ல ஒண்ணு தெச்சு வாங்கி, அதே பட்டனை மாத்தி உங்ககிட்ட குடுத்தேன். பூனை தின்னது அந்த ரெக்சினைத்தான்."

"இன்னிக்கு?"

"உங்க புதுசு ஒரே பசை நாத்தம். மாட்டிக்கினு வேலை போச்சுன்னா? பூனை போட்ட பட்டனை நெசத்துல திரும்பத் தெச்சு, நீங்க குளிக்கப் போன நேரத்துல லுங்கிக்குள்ள மாத்தி வெச்சேன்."

மக்பூல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வருஷமா ரெக்சினுக்கா எண்ண தடவுனேன்? எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ரேஷன் கார்டை உறையோடு அவன் கையில் திணித்து, மண்ணெண்ணெய் டின்னையும் பக்கத்தில் வைத்தாள் ஜொஹரா.

"கண்ணக் கட்டிக்கினு மோந்திருக்கணும்."