சுனைக்குள் இறங்கிய இறகு

வாசகரே, பாலைவனத்தில் பாம்பு உண்டு, தேள் உண்டு, காலில் ஊசிப் பந்தாக ஒட்டிக்கொண்டு கூடவே நடந்து வரும் கள்ளி உண்டு. இவை எல்லாவற்றிடமிருந்தும் தப்பித்துவிடலாம். எடைக்காரரிடமிருந்து முடியாது.

எங்கள் அரிசோனா நெடும்பாதையில் முதுகுப்பையோடு மாதக்கணக்கில் நடக்கிறவர்களுக்குள் இவர் ஒரு தனி இனம். முதல் சந்திப்பில் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார். உங்கள் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த டாக்டரைப் போல ஒரு பெருமூச்சு விடுவார். "வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லலியா?" என்பார். அவ்வளவுதான், பத்தாவது நிமிடம் உங்கள் உடைமைகள் எல்லாம் மணலில் பரப்பப்பட்டிருக்கும். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எனக்கு வாய்த்தவர் வெண்டல் ப்ரூவிட். பாதையில் நடக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம்; அவருக்கு 'இறகு' என்று பெயர். ஃபீனிக்ஸில் பல் மருத்துவர். ஆனாலும் அவருடைய பல் துலக்கும் பிரஷுக்குக் காம்பு கிடையாது. கரண்டிக்கும் கிடையாது, ஆகவே கடலை வெண்ணெயை முழங்கை வரை பூசிக்கொண்டுதான் சாப்பிட்டு முடிப்பார். காலணிக் கயிற்றை முடிச்சுப் போடத் தேவையான அளவுக்கு மட்டும் விட்டு வெட்டியிருந்தார். வரைபடத்தின் வெள்ளை ஓரங்களைக் கத்தரித்து எறிந்திருந்தார். கத்தரிக்கும் வேகத்தில் கொஞ்சம் நிலமும் போய்விட்டது. ஒரு முழு நாள் நாங்கள் அந்தப் போன நிலத்தில்தான் நடந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். என் பட்டப்பெயர் 'சரி'. யார் எது சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவேன் என்பதால் வந்தது. இறகு சொன்னதால் என் சமையல் பாத்திரத்தையும் மழைக்கோட்டையும் வழியிலிருந்த ஊரிலிருந்து வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். மூன்றாமவர் டொலோரெஸ் இபார்ரா, யூமாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய பையில் மடக்கு நாற்காலி, காப்பிக் கெண்டி, பச்சைமிளகாய் டப்பாக்கள், ஒரு பெரிய அலுமினியப் பானை. பானை வெளியே தொங்கும். நடந்தால் டங் டங் என்று சத்தம் வரும். அவரை 'பீரோ' என்று அழைத்தோம்.

அன்று காலை இறகு பீரோவைத் திறந்தார்.

"இது என்ன?"

"கயிறு."

"எதுக்கு?"

"கட்டறதுக்கு."

"எதைக் கட்டறதுக்கு?"

"அது கட்டறப்ப தெரியும்."

"இவ்வளவு தடிமனா? இதுல ஒரு காரையே இழுக்கலாமே!"

"இழுத்திருக்கேன் ராசா. பஸ்ஸே இழுத்திருக்கேன்."

இறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பிறகு தண்ணீர்ப் பிரசங்கம் தொடங்கியது. "சாமான்லயே கனமானது தண்ணி. தண்ணிய வயித்துல சுமக்கணும், முதுகுல சுமக்கக் கூடாது. இப்ப குடிக்கிற மட்டும் குடிச்சுக்க. மத்தியானம் கழுதைச் சுனை வந்துடும். தண்ணிகிட்டதானே போறோம், தண்ணிய எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஒரு பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கீழே கொட்டினேன். பீரோ தன்னிடமிருந்த எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு, "நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வர்றேன்" என்றார்.

கழுதைச் சுனை என்பது பாறைப் பள்ளத்தாக்கின் தொண்டையில் இருக்கும் குழி. மழைத் தண்ணீர் ஆண்டு முழுவதும் அங்கே தங்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் இருந்தது. பச்சையாக, குளிர்ச்சியாக, ஒரு குளவி மிதக்க, அழகாக இருந்தது. ஆனால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே இருந்தது. அந்த வருஷம் மழை குறைவு. குழியின் சுவர்கள் சலவைக்கல் மாதிரி வழவழப்பு.

பாட்டிலில் கட்டித் தொங்கவிட ஏதாவது வேண்டும். இறகு தம் காலணிக் கயிறுகளை அவிழ்த்தார். என்னுடையதையும் சேர்த்து முடிந்தார். பாட்டில் பாதிச் சுவரில் நின்று ஆடியது.

"பீரோ வந்துடட்டுமே" என்றேன்.

"அந்தம்மா வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். பாறையில கால் பிடிக்கும். நான் என்ன கனம்?"

பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இரண்டு அடி இறங்கினார். கால் பிடித்தது. மூன்றாவது அடி வைத்தார். பிறகு ஒரு நீண்ட, வழவழப்பான சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு தொபுக்கடீரும் கேட்டன.

மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஏற முயன்றார், வழுக்கினார். மறுபடி ஏறினார், வழுக்கினார். சுனையின் அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. அது மான் எலும்பு. தாகத்துக்கு இறங்கிய மான், ஏறத் தெரியாமல் அங்கேயே செத்திருக்கிறது. அதை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். நான் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன்.

"இறகு, என் கையப் பிடிங்க."

எட்டவில்லை. பள்ளத்தாக்கில் காற்றுகூட இல்லை. அவருக்குத் தண்ணீர் இருந்தது, வெளியே வர வழி இல்லை. எனக்கு வெளி முழுவதும் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. நான் அவரிடமிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பாட்டிலை நிரப்பி, மூடி, மேலே எறியக் கையை ஓங்கினார். ஓங்கியவர் நிறுத்தினார்.

"பாதி போதுமில்ல?"

"முழுசா எறியுங்க!"

மூன்று முறை எறிந்து மூன்றாவதில் என் கைக்கு வந்தது. அந்தத் தண்ணீரில் அவருடைய காலுறையின் வாசனை இருந்தது. குடித்தேன்.

வெயில் சாய்ந்தது. குழிக்குள் நிழல் இறங்கியது. இறகின் உதடு நீலம் பாரித்தது, பல் மருத்துவரின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. எடை பற்றிப் பேச்சே இல்லை. "சரி," என்று மெல்லிய குரலில் என்னைக் கூப்பிட்டார், "என் மக பேரு ஹேசல். உன்கிட்ட சொன்னதில்லையே." நாங்கள் பல வாரங்களாகச் சேர்ந்து நடக்கிறோம். என் காலுறையின் கனம்கூட அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் கேட்டது: டங். டங். டங்.

நான் கத்தியபடி ஓடினேன். பீரோ வந்தார், குழியை எட்டிப் பார்த்தார். பையை இறக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகி, காலால் உதைத்து இறுக்கினார். கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டினார். அந்தப் பை அசைய வேண்டுமானால் மலை அசைய வேண்டும். மறுமுனையில் ஒரு வளையம் போட்டுக் கீழே விட்டார்.

"கக்கத்துக்குக் கீழ மாட்டிக்க ராசா. பேசாத. பேசினா மூச்சு வீணாகும்."

இழுத்தோம்; இழுக்க இழுக்க பீரோ கயிற்றைப் பையில் சுற்றிக்கொண்டே வந்தார். தம் வாழ்நாளில் டீத்தூள் பையின் நூலைக்கூட நிறுத்துப் பார்த்த மனிதர், தம்மை மட்டும் நிறுத்துப் பார்த்ததே இல்லை என்பது எங்கள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. பாதி வழியில் என் கை நழுவியது. கயிறு பையில் விறைத்து நின்றது, பை அசையவில்லை. மறுபடி பிடித்தோம். விளிம்பில் ஒரு கை தெரிந்தது, பிறகு ஒரு முகம். வெளியே வந்து குப்புற விழுந்து பாறையைக் கட்டிக்கொண்டார்.

பீரோ நாற்காலியை விரித்து அவரை அதில் உட்காரவைத்தார். பானையைக் கயிற்றில் இறக்கித் தண்ணீர் எடுத்து, கொதிக்கவைத்து, காப்பி போட்டார். ஒரு சோள ரொட்டிக்குள் பச்சைமிளகாயை வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். இறகு அழுதுகொண்டே தின்றார். மிளகாய் காரம் என்றார். நாங்களும் காரம்தான் என்றோம்.

மறுநாள் காலை தயங்கித் தயங்கி பீரோவிடம் வந்தார். "அந்தக் கயித்த இன்னிக்கு நான் தூக்கிட்டு வரட்டுமா?"

பீரோவின் கண் கலங்கிவிட்டது. எடுத்துக் கொடுத்தார். மனிதன் திருந்துகிறானே என்று நானும் நெகிழ்ந்து போனேன். மத்தியானம் ஓய்வெடுக்க உட்கார்ந்தபோது, முனை பிசிறாக இருந்தது என்று ஒரு சாண் வெட்டி எறிந்திருந்தார்.

அடுத்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் புதிதாக நடக்க வந்தவர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். கதையை அவரே சொன்னார். "நான் மட்டும் இன்னும் கொஞ்சம் கனமா இருந்திருந்தா கயிறு தாங்கியிருக்குமா? யோசிச்சுப் பாருங்க. எடையைக் குறைச்சதாலதான் இன்னிக்கு உயிரோட இருக்கேன்." அவர்கள் யோசித்தார்கள். ஒரு பெண் தன் பையைத் திறந்தாள். பீரோ முட்டைப் பொரியலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

இந்த இனத்தைக் கண்டு சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறதோ, தெரியாது. ரயிலில் எதிர் இருக்கைக்காரரின் பெட்டியைப் பார்த்து, "இத்தனையும் எதுக்குத் தூக்கிட்டு வர்றாங்க?" என்று மனதுக்குள் கேட்டவர்கள், கேட்டுவிட்டு அவர் நீட்டிய புளிச்சோற்றைக் கைநீட்டி வாங்கியவர்கள், எங்கும் இருக்கிறார்கள். அதிருக்கட்டும். இதைப் படித்து வரும்போதே, 'இந்தக் கதையை இதில் பாதி வரியில் சொல்லியிருக்கலாமே, அந்தக் குளவி எதற்கு?' என்று உங்களுக்கு ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் ஒரு சின்ன வேண்டுகோள். எங்காவது குழி கண்டால், இறங்குவதற்கு முன்னால் பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.