இளநீர்ப் பச்சைக் கோட்டு

"இதுக்கு மேல போவலீங்க மாமா."

பிரான்சிஸின் இரண்டு கைகளும் தொப்புளுக்கு நேரே நின்றுவிட்டன. கண்ணுக்குத் தெரியாத தாம்பாளம் ஒன்றை ஏந்திக்கொண்டு நிற்பவன்போல் இருந்தான்.

மெர்வின் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மச்சினனை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கொஞ்சம் தம் புடிச்சுத் தூக்கிப் பாரு."

பிரான்சிஸ் தம் பிடித்தான். கோட்டுக்குள் எங்கேயோ 'டர்' என்றது.

"போதும், போதும். கல்யாணத்துல கையத் தூக்கற மாதிரி வேலை எதாச்சும் இருக்குதா?"

"தாலி கட்டணுமுங்களே மாமா."

மெர்வின் யோசித்தார். தாலி என்பது கழுத்தில் கட்டுவது. மணப்பெண் இல்மாவின் கழுத்து, அவள் குனிந்தே நின்றாலும், பிரான்சிஸின் தொப்புளுக்கு நேரே வராது.

இந்தக் கோட்டின் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். இவர்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் பெண்ணுக்குப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுப்பது பெண் வீடு. இல்மாவின் அப்பா ஞானாபரணத்துக்கு உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி. துணி, நிறம், தையல்காரர் மூன்றையும் அவரே தேர்ந்தெடுத்தார். அப்போதுதான் இறக்கிய இளநீர்க் காயின் பச்சை; அதன்மேல் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு; காலர் நெடுக ஜரிகையில் தென்னங்கீற்று வேலைப்பாடு. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. நிச்சயதார்த்தத்தன்று, அவர் வாங்கிக் கொடுத்த வாட்ச்சைக் கட்ட மறந்து வந்த பிரான்சிஸிடம் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்தது வாட்ச்தான், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோட்டின் கை ஒரு விரற்கடை நீளம். "கொஞ்சம் புடிச்சுக் குடுங்க மாமா" என்று பிரான்சிஸ் கொண்டுவந்து நீட்டியபோது, மெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை சின்னச் சின்னத் துணிகள்தான் அவரிடம் வந்திருந்தன. இது கல்யாணக் கோட்டு.

மெர்வின் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. போத்தனூரில் வீடு. போன வருடம் ஒரு தையல் மெஷின் வாங்கினார். முதலில் அதைக் கழற்றினார்; பிறகு மாட்டினார்; அதன்பிறகு அசையாமல் நின்ற எவரையும் பிடித்து நிறுத்தி அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். அதைக் குறை சொல்ல முடியாது, அழகான ஏற்பாடு அது. ஊசி, மேல் நூலைத் துணிக்குக் கீழே கொண்டுபோய், திரும்பும்போது சின்ன வளையமாக விட்டுவிட்டு வரும். கீழே சுழலும் ஒரு கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, கீழ் நூல் இருக்கும் பாபினைச் சுற்றி இழுத்துப் போகும். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத முடிச்சு, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில். மெர்வினுக்கு இது முழுக்கத் தெரியும். தைக்கத் தெரியாது என்பது மட்டுமே குறை.

ஆனால் அப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. "மொதல் துணி உங்க அம்மா எனக்கு எடுத்துக் குடுத்த சேலையா இருக்கட்டுமுங்க. ஆசீர்வாதமா இருக்கும்" என்று மனைவி ரெபேக்காதான் முதலில் துணி கொடுத்தாள். ஆரஞ்சும் ஊதாவும் கலந்த அந்தச் சேலை, குர்தாவாக மாறும் வழியில் தலையணை உறையாகி, கடைசியில் மிக்ஸிக்கு மூடியானது. ரெபேக்கா முகம் சுளிக்கவில்லை. பக்கத்து வீட்டு வரலட்சுமி தன் மாமியார் தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைக் கொண்டுவந்தாள். மெர்வின் அதன் பேன்ட்டின் இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். வரலட்சுமி அதைப் பிரித்துப் பார்த்து, அன்று சாயங்காலமே ஒரு கிண்ணம் கேசரி அனுப்பினாள். முந்திரி அள்ளிப் போட்டிருந்தது.

"தையல் தெரிஞ்சவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்று கேசரியை வழித்தபடி சொன்னார் மெர்வின்.

கோட்டுக்கு வருவோம். அதன் மணிக்கட்டில் நிஜப் பொத்தான்களும் நிஜத் துளைகளும் இருந்தன. அங்கே வெட்டினால் பொத்தான் வரிசை போய்விடும். ஆகவே தோளில் கையைப் பிரித்து, மேலே குறைத்து, திரும்ப மாட்ட வேண்டும் என்று ஒரு வீடியோ சொன்னது. அது சரியான யோசனைதான். மெர்வினும் சரியாகத்தான் பிரித்தார். பிரித்த பின் செய்த ஒரே தப்பு, அளந்தது.

கையின் மேல்வாயை அளந்தார். கோட்டின் உடம்பில் அந்தக் கை மாட்டும் குழியை அளந்தார். கை, குழியைவிட ஒன்றரை இன்ச் பெரிதாக இருந்தது.

"பாத்தியா ரெபேக்கா! உடுமலைக்காரன் லட்சணத்த! பைப்பு பெருசு, அத மாட்டற ஃபிளாஞ்ச் சிறுசு. எங்க கம்பெனியா இருந்தா லாட்டையே திருப்பி அனுப்பியிருப்பேன்."

"அதெல்லாம் நீங்க சரி பண்ணிப்போடுவீங்க" என்றாள் ரெபேக்கா. "தைரியமா வெட்டுங்க."

வெட்டினார். பைப்பும் ஃபிளாஞ்சும் அளவாகப் பொருந்தின.

உண்மையில், கோட்டின் கை எப்போதுமே குழியைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். தோள் தட்டையான தகடு அல்ல, உருண்டை. அந்தக் கூடுதல் துணியை, சுருக்கம் வெளியே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்துத் தைப்பதில்தான் கோட்டு தைப்பவரின் வித்தை இருக்கிறது. கை மேலே போக அந்த இடம்தான் வழி விடுகிறது. பைப்புக்கு அந்தத் தேவை இல்லை. பைப்பு தாலி கட்டாது.

இப்படித்தான் பிரான்சிஸின் கைகள் தொப்புளில் நின்றன.

"கவலைப்படாத கண்ணு. அக்குளுக்கு ஒரு ஒட்டு வெச்சா தீந்துது."

"நீங்க எது பண்ணாலும் சரிங்க மாமா" என்றான் பிரான்சிஸ். அந்த நம்பிக்கை மெர்வினை உருக்கியது.

ஒட்டுக்கு அதே துணி இல்லை. கிட்டத்தட்ட அதே பச்சையில், திருப்பூர் நண்பர் ஒருவர் கொடுத்த பனியன் துணி இருந்தது. 'இழுபடும் துணி, கை தாராளமாகப் போகும்' என்பது மெர்வினின் கணக்கு. கை போகத்தான் செய்தது. ஆனால் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் இருக்கிறதே, அது பனியன் துணியை இழுத்துக்கொண்டே தைக்கும். தைத்து முடிந்து பாதத்தைத் தூக்கியதும் பனியன் துணி தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும். கூடவே ஒட்டிய பளபளத் துணி சுருங்காது. அலை அலையாக எழும்பும். பிரான்சிஸ் கையைத் தூக்கியபோது இரண்டு அக்குளிலும் முட்டைக்கோஸ் முளைத்திருந்தது.

"தாலி கட்டற சமயத்துல போட்டோக்காரன் இங்கதானுங்க ஃபோகஸ் பண்ணுவான்" என்றான் பிரான்சிஸ். குரலில் கவலை இருந்தது. முகத்தில் அவ்வளவாக இல்லை.

"அயர்ன் பண்ணுனா படிஞ்சுரும்."

அன்று பிரான்சிஸ் பெயருக்கு ஒரு கூரியர் வந்தது. பெட்டிக்குள் கருநீலத்தில் என்னவோ மடிப்பாகத் தெரிந்தது. "ஆபீஸ் பிரெண்டோடதுங்க" என்று பிரான்சிஸ் அதை அவசரமாகத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். மெர்வினுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அயர்ன் பாக்ஸ் சூடாகிக்கொண்டிருந்தது.

பனியன் பருத்தி, அதற்கு நல்ல சூடு வேண்டும். பளபளப்பதோ பாலியஸ்டர்; அதாவது நூல் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக். சூட்டைப் பனியனுக்கு வைத்தார் மெர்வின். அக்குள் படிந்தது. அந்த வெற்றியில், அப்படியே கையோடு காலரையும் ஒரு தேய் தேய்த்தார்.

கதவுக்கு வெளியிலிருந்து ரெபேக்காவின் குரல் வந்தது.

"ஏனுங்க, என்னமோ கருகற வாசம் வருதுங்களே?"

"ஒன்னுமில்ல!"

"சரிங்க. நல்லா அழுத்தித் தேயுங்க."

தென்னங்கீற்றுகள் சுருண்டு, வாடல் நோய் கண்ட தோப்பாகியிருந்தன. காலருக்குக் கீழே, நெஞ்சின்மேல், அயர்ன் பாக்ஸின் வடிவம் கூர்முனையோடு பதிந்திருந்தது. மெர்வின் கட்டிலில் உட்கார்ந்தார். கல்யாணப் பந்தி கண் முன்னால் வந்தது. ஞானாபரணம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். எவருக்கும் சோறு இறங்கவில்லை. எல்லோரும் மெர்வினைப் பார்க்கிறார்கள். வாட்ச்சுக்கே ஒரு பந்தி என்றால், கோட்டுக்கு எத்தனை வருடம்?

அறையைப் பூட்டினார். "ஃபினிஷிங்ல இருக்குது. யாரும் உள்ள போவாதீங்க" என்று அறிவித்தார். மறுநாள் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, உக்கடத்தில் உடுமலை பஸ் ஏறினார்.

கோட்டின் உள்பக்க லேபிளில் இருந்த கடையை விசாரித்துக் கண்டுபிடித்தார். தையல்காரர் இஸ்மத், கோட்டை மேஜைமேல் விரித்து, ஒரு பிரேதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தீ விபத்துங்களா?"

"ஆல்டரேஷனுங்க."

இஸ்மத் கருகிய காலரை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

"இதே மாதிரி இன்னொன்னு வேணுமுங்க. அச்சு அசலா. கை மட்டும் ஒரு விரற்கடை கம்மியா."

"இதே துணியிலயா?"

"இதே துணியில."

"நீங்களா கேக்கறீங்க? யாரும் கட்டாயப்படுத்தலயே?" இஸ்மத் அலமாரியிலிருந்து ஒரு பெரிய உருளையை இறக்கினார். கடையே பச்சையானது. "முழுப் பீஸா எடுத்துட்டாருங்க தேங்காய்க்காரரு. மிச்சம் இவ்வளவு கெடக்குது. எடத்த அடைச்சுட்டு நிக்குது. எடுத்துட்டுப் போனா புண்ணியம்."

"அவருக்கு மட்டும் தெரியக்கூடாதுங்க."

"வெளிய சொல்ற விஷயமா இது?"

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மெர்வின் மறுபடி பஸ் ஏறி, கோட்டைப் பையில் மடித்து வாங்கிவந்து, பின்வாசல் வழியாக அறைக்குள் கொண்டுசேர்த்தார்.

சாயங்காலம் ஞானாபரணம் வந்துவிட்டார். ஹாலில் நாற்காலி நிறைய உட்கார்ந்து, "கோட்ட எங்க மாப்ள? போட்டுக் காட்டு, பாக்கலாம்" என்றார்.

ரெபேக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; கண்ணில் ஈரம் இல்லை.

"அது வந்துங்க மாமா..." பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் அந்தக் கோட்டப் போட்டுத்தான் தாலி கட்டணும்னு ஆசையா இருந்தேனுங்க. ஆனா ஆல்டரேஷன்ல, யார் மேலயும் தப்பில்லீங்க, என்னமோ..."

"என்னமோவா?" ஞானாபரணத்தின் புருவம் ஏறியது.

அப்போது அறைக் கதவு திறந்தது. இரண்டு கைகளிலும் கோட்டை ஏந்தியபடி, காணிக்கைப் பவனியில் வருபவரைப்போல் நிதானமாக வந்தார் மெர்வின். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு ஹால் சுவர் பச்சையாக மின்னியது.

பிரான்சிஸின் வாய் திறந்தபடியே நின்றது. ரெபேக்கா முந்தானையைக் கீழே விட்டாள்.

"போடு" என்றார் மெர்வின்.

போட்டான். தோளில் சுருக்கமில்லை. கை மணிக்கட்டில் அளவாக நின்றது. காலரில் அத்தனை கீற்றும் நிமிர்ந்து நின்றது.

"கையத் தூக்கு."

பிரான்சிஸ் மெதுவாகத் தூக்கினான். தொப்புளைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, காதைத் தாண்டிப் போனது. போலீஸிடம் சரணடைந்தவன்போல் இரண்டு கையையும் உயர்த்தி, அசையாமல் நின்றான்.

ஞானாபரணம் எழுந்து மெர்வினின் தோளைத் தட்டினார். "அட அட அட! தம்பி, கோட்டு தைக்கறவனே இப்படி முடிக்க மாட்டானுங்க. நீங்களேவா சரி பண்ணுனீங்க?"

"ஒரு ஆர்வந்தானுங்க" என்றார் மெர்வின், கூச்சமே இல்லாமல். "கை எப்பவும் குழிய விடக் கொஞ்சம் பெருசா இருக்கோணும். அதுதான் சூட்சுமம்."

"அப்ப ஒன்னு பண்ணுங்க. உடுமலையில அந்தத் துணி இன்னும் கெடக்குது. ஈஸ்டருக்கு நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் நீங்களே தச்சுப்போடுங்க. துணிய நானே அனுப்பி வெக்கறேன்."

மெர்வினின் முகம் ஒரு நொடி கோட்டின் நிறத்துக்குப் போய்த் திரும்பியது. ஆனால் பாராட்டு பாராட்டுதான். ரெபேக்கா சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் பலமாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிரான்சிஸ், கோட்டைக் கழற்றாமலே, பால்கனிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பாவம், நெகிழ்ந்துபோய்விட்டான் என்று நினைத்தார் மெர்வின். தனியாக நன்றி சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று பின்னாலேயே போய், கதவை லேசாகத் திறந்தார்.

பிரான்சிஸ் செல்போனைக் கை நீட்டிப் பிடித்து, தன்னை முழுசாகக் காட்டிக்கொண்டிருந்தான். பளபளக்கும் பச்சைக்கு எதிரே, சின்னத் திரையில், மருதாணிக் கையால் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள் இல்மா.

"அதெப்படி பிரான்சிஸ் நல்லா வரும்? மாமியார் சேலைய அண்ணிக்கும், மாமியார் சுடிதார வரலட்சுமி அக்காவுக்கும் ஒரே வாரத்துல ஒழிச்சுக் குடுத்த மனுசன்னு நம்பித்தானே இத அவர்கிட்டக் குடுத்தோம்!"