மேலறைக்கு உடையவர்கள்

அறுபத்திரண்டு ஆண்டுகள் பிறருக்கு இடம் விட்டே வாழ்ந்தாயிற்று. இனித் தமக்கென்று ஓர் அறை வேண்டும் என்று துஹாமி ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானித்தார்.

ஃபெஸ் நகரின் பழைய பகுதியில், எதிரே கழுதை வந்தால் மனிதர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து ஒன்றில் இருந்தது அவர் வீடு. நடுவில் முற்றம். முற்றத்தை மரச் சல்லடை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, ஆளில்லாத ஒரு மேலறை. வாசல் நடையிலிருந்தே அதற்குத் தனிப்படி உண்டு. அங்கே போய்ச் சாய்ந்துகொண்டு, கைப்பேசியில் பார்ச்சீ ஆட வேண்டும். பகடை உருட்டி நான்கு நிறக் காய்களை வீடு சேர்க்கும் அந்த ஆட்டத்தைத் தவிர, நிலப்பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற அவருக்கு உலகத்தில் வேறு பற்று இல்லை.

தடையாக நின்றது சுவர். இரண்டு முழக் கனம். கீழ்க் கூடத்து வைஃபை அதில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

“கம்பி இழுக்கணும்னா சுவர்ல ஒரு ஓட்டை போடணும், நஸ்ஹா. சுண்டு விரல் அளவுதான்.”

அவர் மனைவி நஸ்ஹா, பூவேலைப் பளிங்கு ஓடுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பெயருக்கு முன் மரியாதைக்குச் சேர்க்கும் ‘ஸீ’யை மட்டும் மறக்கவில்லை.

“தாராளமாப் போடுங்க, ஸீ துஹாமி. முதல்ல உங்க நெத்தியில போட்டுப் பாருங்க. வலிக்கலைன்னா சுவர்லயும் போடலாம்.”

ஆகவே கம்பியில்லாமல் இணைப்பது என்று முடிவாயிற்று. இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கினார். கீழ்ப் பெட்டியைக் கூடத்து ஜன்னலிலும் மேல் பெட்டியை மேலறை ஜன்னலிலும், முற்றத்துக்கு மேலாக ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தார். இரண்டையும் ஒரே அலைவரிசையில் நிறுத்தினார். இதன் எண்ணை அதிலும், அதன் எண்ணை இதிலும் எழுதினார். வருகிற கருவிகளுக்கெல்லாம் முகவரி கொடுக்கும் அதிகாரத்தைக் கீழ்ப் பெட்டிக்கு மட்டும் வைத்து, மேல் பெட்டியிடமிருந்து அதைப் பறித்தார். ஒரு வீட்டில் இரண்டு பேர் உத்தரவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். தம் வீட்டில் அந்தக் குழப்பம் ஏற்படாமல் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டவர் அவர்.

நண்பகலுக்குள் வேலை முடிந்தது. மேலறையில் அலை முழுவீச்சில் வந்தது. கைப்பேசியில் தொட்டால் எரிந்து அணையும் புதுவகை விளக்கு ஒன்றையும் அங்கே மாட்டிவிட்டு, வெற்றி வீரராய்ச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

“அக்கா வர்றா,” என்றாள் நஸ்ஹா.

“லல்லா ராகியாவா? எத்தனை நாளைக்கு?”

“நாள் கணக்குல சொல்ற மாதிரி இல்ல. மெக்னெஸ்ல மகன் வீட்டுல மருமக கையில உப்பு தாராளம். அக்காவுக்கு ரத்த அழுத்தம். டாக்டர் சொல்லிப் பாத்துட்டார், அக்கா அழுது பாத்துட்டா. நம்ம மேலறை சும்மாதானே கிடக்கு?”

துஹாமி ஓர் ஆலிவ் காயைக் கொட்டையோடு விழுங்கினார்.

மறுநாள் பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பின், இருவரும் முற்றத்தில் புதினாத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். மேலறைச் சல்லடைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. அணைந்தது. மூன்று முறை கண்சிமிட்டியது. துஹாமியின் கைப்பேசி மேசைக்கு அடியில் அவர் மடியில் கிடந்தது.

“நஸ்ஹா, மேல யாராவது இருக்காங்களா?”

“யாரு இருக்கப் போறாங்க? பூட்டியிருக்கு.”

“அப்போ உடையவங்கதான்,” என்று குரலைத் தாழ்த்தினார்.

அந்த ஊரில் ஜின்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இடத்துக்கு உடையவர்கள் என்பார்கள். சாக்கடையில் வெந்நீர் ஊற்றுமுன்கூட அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்வார்கள். நஸ்ஹாவின் முகம் வெளுத்தது. அவள் அவரையும், மேசையையும், மேலே ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்காவுக்குச் சொல்லிடறேன்,” என்று எழுந்தாள். “மேலறைச் சாவியை இனி யாரும் கேக்காதீங்க.” சாவியை இடுப்பில் முடிந்துகொண்டாள்.

ஒரு வாரம் போகட்டும், சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்லிச் சாவியை வாங்கிவிடலாம் என்று துஹாமி கணக்கிட்டார். அன்று அவர் நன்றாக உறங்கினார். அதன்பின் உறங்கவில்லை.

புதன்கிழமை காலை காப்பிக்கடைக்குப் போய்விட்டு மதியம் திரும்பினார். கூடத்தில் அமர்ந்து, கீழ்ப் பெட்டி யார் யாருக்கு முகவரி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தார். தம் கைப்பேசி, நஸ்ஹாவின் கைப்பேசி, மேல் பெட்டி, விளக்கு. நான்கு இருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

ஐந்தாவதற்கு எதிரே எழுதியிருந்தது: இடத்துக்கு உடையவர்கள்.

முற்றத்துக்கு மேலே சதுர வானம் வெள்ளையாகக் காய்ந்தது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலறை விளக்கு எரிந்தது. அவர் விரல் எதையும் தொடவில்லை. தொட்டு அணைத்தார். மேலே எங்கோ ‘டிக்’ என்று ஓர் ஓசை. மறுபடி ஓர் ஓசை. விளக்கு மறுபடி எரிந்தது.

அந்த ஐந்தாம் பெயரைத் தடைசெய்தார். பெயர் மறைந்தது. மேலே காலணி இழுபடும் ஓசை எழுந்தது. அறைக்கோடியிலிருந்து ஏழு அடி. ஜன்னலருகே வந்து நின்றது. சல்லடைக்குப் பின்னாலிருந்த இருட்டில் ஓரிடம் மட்டும் மற்ற இருட்டைவிடக் கெட்டியாக இருந்தது. அது அவரையே பார்த்தது.

வியாழனன்று பட்டியலில் அந்தப் பெயர் திரும்ப வந்திருந்தது.

“ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?” என்றாள் நஸ்ஹா.

“நஸ்ஹா, மேல நிஜமாவே இருக்காங்க.”

“நிஜமாவேன்னா? முந்தாநாள் பொய்யாவா இருந்தாங்க?”

துஹாமி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“அவங்களுக்குக் கோபம்,” என்றாள் நஸ்ஹா நிதானமாக. “கேக்காம அவங்க இடத்துல பெட்டி வெச்சீங்க இல்ல? மூணு மத்தியானம் உப்பில்லாச் சோறு வைக்கணும். அவங்களுக்கு உப்பு ஆகாது, உங்களுக்கே தெரியும். நான் சமைச்சுத் தர்றேன். நீங்கதான் கொண்டுபோய் வைக்கணும்.”

“நானா?”

“பெட்டி வெச்சது நானா?”

வெள்ளிக்கிழமை, கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த உப்பில்லாத குஸ்குஸ். ஏழு காய்கறியும் ஆட்டுக்கறியும் மேலே. பூட்டிய கதவின் முன் தட்டை வைத்துவிட்டு, முப்பது ஆண்டுகளாக இருந்த முழங்கால் வலியை மறந்து படியிறங்கினார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சனிக்கிழமைத் தட்டில் எலும்புகள் நீளவாக்கில், சிறியது முதல் பெரியது வரை, வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கதவிடுக்கில் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள். துஹாமி எல்லாப் படிகளையும் இரண்டே தாவலில் கடந்தார்.

“நாளைக்குக் கடைசி நாள்,” என்றாள் நஸ்ஹா. “சோறு மட்டும் போதாது. வாயால சொல்லிக் கொடுத்துடணும். சத்தியம் பண்ணி.”

“அறையையா? அதுக்காகத்தானே நான் இவ்வளவும்...”

“அறையா, உயிரான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் பொம்பளை, எனக்கு என்ன தெரியும்?”

ஞாயிறு மதியம் இருவரும் படியேறினர். தட்டு அவர் கையில் இருந்தது. பூட்டில் சாவி இல்லை. ஆனால் கதவுக்குக் கீழே வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை இரண்டு நிழல்கள் மறித்துக்கொண்டு நின்றன. பாதங்களின் அகலம்.

“சொல்லுங்க,” என்று கிசுகிசுத்தாள் நஸ்ஹா.

“இந்த... இந்த அறை உங்களோடது.”

“கொஞ்சம் சத்தமா. அவங்களுக்குக் காது மந்தம்.”

“இந்த அறை உங்களோடது. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். அல்லா சாட்சி. நஸ்ஹாவும் சாட்சி.”

தாழ்ப்பாள், யாரும் தொடாமல், இந்தப் பக்கத்திலிருந்து யாரும் தொடாமல், மெல்ல நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளிருந்து சுருக்கங்கள் விழுந்த வெளிறிய கை ஒன்று நீண்டு, தட்டைப் பற்றியது.

துஹாமி கண்ணை மூடிக்கொண்டார்.

“அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், ஸீ துஹாமி,” என்றது ஒரு குரல். “என் மகன்கூட இப்படிச் சாட்சி வெச்சு எனக்கு ஒண்ணும் கொடுத்ததில்ல.”

கண்ணைத் திறந்தார். இடக்கையில் கரண்டியும் தோளில் துண்டுமாக லல்லா ராகியா நின்றிருந்தாள். பின்னால் அவளுடைய பெட்டிகள், கம்பளம், மருந்து டப்பாக்கள்.

“எப்போ வந்தீங்க?”

“புதன்கிழமை காலையில. நீங்க காப்பிக்கடையில இருந்தீங்களாம்.”

“அந்தப் பேரு... பட்டியல்ல...”

“கீழ்ப் பெட்டிக்கு அடியில கடவுச்சொல் ஒட்டியிருக்கு,” என்றாள் நஸ்ஹா. “அக்கா கைப்பேசிக்கு அந்தப் பேரை எழுதினதும் நான்தான். எனக்கும் எழுத்து தெரியும். நீங்க அக்காவைத் தடுத்தப்போ நான்தான் திரும்பச் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமை உங்க தோள் ஆடறப்போ மட்டும் விளக்கு கண்ணடிச்சுது. அதைப் பாக்கக் கடவுச்சொல்லே வேண்டியிருக்கல.”

“அணைச்சா திரும்ப எரிஞ்சுதே?”

“நீங்க சும்மா சும்மா அணைச்சா நான் என்ன பண்றது?” என்றாள் ராகியா. “சுவர்ல இருக்கிற சுவிட்சை அணைச்சுப் போடுவேன், எரியும்.”

துஹாமி வாசற்படியைப் பார்த்தார். அதற்கு அப்பால், ஜன்னலில், அவர் கையாலேயே பொருத்திய பெட்டி பச்சையாக மினுக்கியது. அதன் அருகே திண்டு, திண்டின் மேல் ஒரு கைப்பேசி. இந்தப் படியை அவர் இனி மிதிக்க முடியாது. சத்தியம் சத்தியம்தான். அவர் திரும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கலானார். முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது.

“ஸீ துஹாமி,” என்று மேலிருந்து கூப்பிட்டாள் ராகியா. “கீழ இருக்கிற பெட்டியை இன்னும் ஒரு சாண் ஜன்னல் பக்கம் தள்ளி வைங்க. பார்ச்சீ நடுவுல நடுவுல நின்னு போகுது.”