பியானோக்காரர் தலையாட்டினார்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவருக்கும் உடம்பு சௌக்கியம். மற்றதை உட்கார்ந்து படி.

என் மகள் இரண்டு வருடமாக ஒன்பது ஐரோப்பியக் கவிதைகளுக்கு ஜாஸ் மெட்டுப் போட்டது உனக்குத் தெரியும். எழுதிய கவிஞர்கள் யாரும் ஆட்சேபிக்க உயிரோடு இல்லை. இன்றுதான் ஒலிப்பதிவு. பதினேழு வாத்தியக்காரர்களும் ஒன்றாகக் கிடைத்தது இந்த ஒரு நாள், கூடமோ மாலை ஐந்து மணி வரைக்கும்தான். எட்டுப் பாட்டு முடிந்தபோது மணி நாலரை. அதுவரை வெளியே நின்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"அப்பா, பியானோ பக்கத்துல உக்காந்து பக்கம் திருப்புங்க. அவர் தலையாட்டினா திருப்பணும், அவ்வளவுதான்."

முப்பத்தோரு வருடம் அலுவலகத்தில் கோப்புப் புரட்டியவனுக்கு இதைவிடத் தோதான வேலை ஏது? நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பதிவு ஆரம்பம் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா, பதினேழு பேரும் ஒரே மூச்சில் ஆரம்பித்தார்கள் பார், தரை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. பாடகி கவிதையைப் பாட, சாக்ஸபோன்கள் கெஞ்ச, டிராம்போன்கள் எதிர்த்துப் பேச, ஒரு வார்த்தை புரியாமலே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனையும் இவள் அடுத்த அறையில் தனியாக உட்கார்ந்து யோசித்ததா என்று கண் கலங்கிவிட்டது. பியானோக்காரர் தலையாட்டினார். திருப்பினேன். மறுபடி ஆட்டினார். திருப்பினேன். அந்த மனிதர் தாளத்துக்கே தலையாட்டுகிறவர் என்பது ஆறாவது பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. பாதிப் பாட்டில் அவர் முன்னால் வெறும் பின்னட்டை! பதறிப்போய்ப் பின்னோக்கிப் புரட்டினேன், அதற்கும் தலையாட்டினார். பாவம், கண்ணை இறுக மூடிக்கொண்டு என்னத்தையோ வாசித்துச் சமாளித்தார். எல்லோருக்கும் முன்னால் நின்று வாத்தியக் குழுவை நடத்திக்கொண்டிருந்த என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே தாளத்துக்குக் கையசைத்தாள். பெற்ற அப்பனைப் பலர் முன்னால் திட்ட முடியாத சிரிப்பு அது. விளக்கு அணைந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு வருட உழைப்பை நாலு நிமிஷத்தில் கெடுத்த பாவி நான். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? நீ சொன்னால் கேட்பாள். அத்தையாக நாலு வார்த்தை எழுதி, என்னை மன்னிக்கச் சொல். இனி வாத்தியம் இருக்கிற திக்கிலேயே தலைவைத்துப் படுக்க மாட்டேன். அத்தானுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்த தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். பியானோக்காரருக்கு ஒன்பது பாட்டும் தலைகீழ்ப் பாடமாம். தாளையே பார்க்க மாட்டாராம்!

"அப்புறம் என்னை எதுக்கும்மா உக்கார வெச்சே?"

"கடைசிப் பாட்டு, கை நடுங்கிச்சுப்பா. உங்க முகம் தெரிஞ்சா நின்னுடும்னு தோணுச்சு. நின்னுடுச்சு."

பாட்டு ஒரே தடவையில் பிரமாதமாக வந்துவிட்டதாம். நான் புரட்டிய தாள் சலசலப்பும் பதிவாகியிருக்கிறதாம், அதை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாளாம். ஆகவே மன்னிப்பெல்லாம் வேண்டாம் அக்கா. அடுத்த மாதம் மேடைக் கச்சேரி. நான்தான் பக்கம் திருப்புகிறேன், நீ அவசியம் வந்து பார்.