எண்பத்தைந்தும் தொண்ணூற்றைந்தும்

ஓர் இரும்புக் கம்பத்தின் சாய்வைப் பற்றி ஒன்பது கூட்டங்கள் நடத்திய பெருமை உலகிலேயே எங்கள் அலுவலகத்துக்கு மட்டும்தான் உண்டு. எல்லாவற்றிலும் குறிப்பெடுத்தவன் நான்.

வாசலில் சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை தயார். கைப்பிடிக் கம்பங்கள் மட்டும் பாக்கி; அவை இல்லாமல் பாதையைத் திறக்க விதி இடம் தரவில்லை. மாதிரிக் கம்பம் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கும் சரிவுக்கும் உள்ள கோணத்தை அளந்தார்கள். மூத்த பொறியாளருக்கு எண்பத்தைந்து பாகை வந்தது. இளைய பொறியாளருக்குத் தொண்ணூற்றைந்து.

“என் கருவி புதுசு சார்!”

“என் சர்வீஸ் பழசும்மா!”

தபால் பிரிவு எழுத்தர் நான்கு மாதமாக வண்டிக் கொட்டகையில், தன் சக்கர நாற்காலியிலேயே வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் உள்ளே வந்து புதுப் பொறுப்பை ஏற்காவிட்டால் அவருடைய பதவி உயர்வு ரத்து. ஆனால் அவசரப்பட்டு அறிவியலை அவமதிக்கலாமா?

ஒன்பதாவது கூட்டத்தில் தலைவர் ‘நடுநிலை’ காத்தார். “ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க.” தொண்ணூறு! கைதட்டினோம்.

புதன்கிழமை வெல்டர் அப்படியே பொருத்திப் பார்த்தார். கைப்பிடி வாசல் நிலையை எட்டவில்லை. நாலு விரல் இடைவெளி.

“கம்பமெல்லாம் மல்லாக்க சாயுது சார்.”

“அது கம்பத்தோட ஒழுங்கீனம்” என்ற தலைவர், பத்தாவது கூட்டத்தைத் திங்கட்கிழமைக்கு வைத்தார்.

கொட்டகையிலிருந்து எழுத்தர் குரல் கொடுத்தார். “சார், கோணம் அளந்த அன்னைக்கு நான் இங்கேருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். மூத்தவர் மேட்டுப் பக்கம் குனிஞ்சு அளந்தாரு. இளையவங்க பள்ளத்துப் பக்கம். கம்பம் ஒண்ணுதான்.”

“அப்போ யார் சொன்னது தப்பு?” என்றார் தலைவர்.

“ரெண்டு பேரும் சரி. வகுத்ததுதான் தப்பு. அப்படி வகுத்தா எந்தக் கம்பத்துக்கும் தொண்ணூறுதான் சார் வரும்!”

வெல்டர் எங்களைக் கேட்கவில்லை. மேட்டுப் பக்கம் எண்பத்தைந்து வைத்துப் பற்றவைத்தார். கைப்பிடி நிலையில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. வியாழக்கிழமை எழுத்தர் தானே சக்கரத்தை உருட்டி உள்ளே வந்தார்.

குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: நேர்கோட்டின் மேல் ஒரு கம்பம் நின்றால் அதன் இருபக்கக் கோணங்களும் சேர்ந்து நூற்றெண்பது பாகை. இவை மிகைநிரப்புக் கோணங்கள். ஒன்று எண்பத்தைந்து என்றால் மற்றது தொண்ணூற்றைந்து. இதைக் கண்டுபிடிக்க யாராவது ஒருவர் கம்பத்தைச் சுற்றி மறுபக்கத்துக்கு நாலடி நடந்தால் போதும். நடக்க முடிந்த நாங்கள் அத்தனை பேரும் நான்கு மாதம் உட்கார்ந்தே இருந்தோம்.